சித்தி வழிமறித்த வாசல்

என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை வைத்த தாம்பாளத்தை மடியில் ஏந்தியபடி அம்மா பேருந்தில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வியாழக்கிழமை, பதினொன்றே கால் பேருந்து என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போய்ச் சேரும்வரை அம்மா சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தாள்.

காரணம் இருந்தது. சித்தப்பா அங்கே வீடு கட்டிக் குடிபோய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பால் காய்ச்சியதுகூட அவரும் சித்தியும் மட்டும்தான். எங்களை ஒரு வாய்ச் சோற்றுக்கும் அழைக்கவில்லை. சித்தியை அம்மா ஒருநாளும் ஓரகத்தி என்று சொன்னதில்லை. தங்கச்சி என்றே சொல்லிவந்தாள். அதனால்தான் அவ்வளவு வலித்தது. "பத்திரிகையக் குடுப்பேன். அதோட அவ யாரோ, நான் யாரோ" என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். பங்காளி வீட்டுக்கு நேரில் போய் அழைக்காவிட்டால் ஊர் பேசும் என்பதால்தான் இந்தப் பயணமும்.

கதவைத் திறந்த சித்தி, நிலையின் இரு பக்கமும் கையூன்றி நின்றுவிட்டாள்.

"ஏண்டி, உள்ள விட மாட்டியா?"

"உள்ள ஒண்ணும் சரியில்லக்கா. அடுப்படி இன்னும் பூசல. அலமாரி வைக்கல. உங்க வீடு மாதிரி ஆக்கிட்டுக் கூப்பிடணும்னுதான்..." சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா தாம்பாளத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இம்புட்டு நாளா இதுக்கா? நான் ஒனக்கு ஆகாதவளாயிட்டேன்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். மழ பேஞ்சா எங்க அடுப்படியில ரெண்டு வாளி வைக்கணும், தெரியுமாடி ஒனக்கு?"

சித்திக்குத் தெரியாது. அவள் வரும் நாள்களில் அந்த வாளிகளை வெட்கப்பட்டு ஒளித்துவைத்தவன் நான்தான்.

சித்தி கையை எடுத்தாள். அடுப்படியில் வெறும் செங்கல் சுவர். சிமெண்டு மூட்டைகளின் மேல் மசால் டப்பாக்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுத் தாம்பாளத்தை வைத்த அம்மா, குங்குமம் கொடுத்துப் பத்திரிகையை நீட்டினாள். பிறகு, "சோத்தப் போடு, பசிக்குது" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அங்கே வழவழவென்று கல் பதித்தாயிற்று. எனக்கு அந்தப் பூசாத அடுப்படிதான் நெருக்கம். ஊரைப் பற்றி நான் எழுதிவைத்த குறிப்புகளை, அடுத்தவர் எழுதியதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே, இன்னும் சரியாக வரவில்லை என்று யாருக்கும் காட்டாமல் பூட்டிவைக்கும் நாள்களில் அது நினைவுக்கு வரும்.

அன்று, முதல் கவளத்திலேயே அம்மா, "கொழம்புல உப்பு கம்மிடி" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் சித்தி தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி குழம்பு வைத்திருப்பாள்.

"ஆமாக்கா, கம்மிதான்" என்று உப்பு ஜாடியை அம்மா பக்கம் தள்ளிவிட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள் சித்தி.