திருச்சிக்கு சென்டர் வாங்கின கதை

1. பட்டியல்

தேர்வு மையங்களின் பட்டியல் தபாலில் வந்தபோது அதை மூன்று தடவை படித்தேன். தமிழ்நாட்டுக்கு மெட்ராஸ் ஒன்றுதான் போட்டிருந்தது. அச்சுப் பிழையாக இருக்குமோ என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அப்போது நான் தென்னூரில் ஒரு நிதி நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் மூன்று மேஜை, ஒரு ஃபேன். கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளிலிருந்து எண்களை நீளமான தாள்களில் எடுத்து எழுதி, ரேஷியோ போட்டு, எந்த ஷேரை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளிவிடலாம் என்று மேனேஜருக்குக் குறிப்புக் கொடுப்பது என் வேலை. எம்.காம். படிப்பு அதற்குப் பாதிதான் உதவியது. மீதிக்காகத்தான் முதலீட்டு ஆய்வில் தபால் வழிப் படிப்பில் சேர்ந்தேன். சேரச் சொன்னவரும் மேனேஜர்தான்.

"நம்ம பிரிவுக்கு ஆஃபீசர் போஸ்ட் ஒண்ணு வரப்போகுது, மாலதி. டிசம்பர்ல முதல் பார்ட் எழுதிட்டேன்னு வந்து சொல்லுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் நாற்காலியைக் காலியா வெச்சிருக்கேன். எழுதலைன்னா ஹெட் ஆஃபீஸ் மெட்ராஸ்லேர்ந்து ஆளை அனுப்பிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

தேர்வு ஒரே நாள். காலையில் ஒரு பேப்பர், மத்தியானம் ஒரு பேப்பர். ஆனால் மெட்ராஸ் என்றால் இரண்டு ராத்திரி வெளியே. என் மகள் சுதாவுக்கு அப்போது ஒன்றரை வயது. என் மேல் கால் போட்டால்தான் தூங்குவாள். அவளை விட்டுவிட்டுப் போக முடியாது. அதில் மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே திருச்சிக்கு ஒரு சென்டர் வேண்டும் என்று எழுதிப் போட்டேன்.

2. பன்னிரண்டு கையெழுத்து

பதில் வந்தது. குறைந்தது பன்னிரண்டு மாணவர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் பரிசீலிப்பார்களாம். சரி, இந்தப் பக்கத்தில் படிக்கிறவர்களின் விலாசம் கொடுங்கள் என்றால், அதைக் கொடுக்க விதி இல்லையாம். ஆளைக் கூட்டிக்கொண்டு வா, ஆள் யாரென்று சொல்ல மாட்டோம் என்பதை ஒரு நிறுவனம் இவ்வளவு மரியாதையான ஆங்கிலத்தில் எழுத முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வழி காட்டியவர் எங்கள் ஆஃபீசுக்கு வரும் தபால்காரர். பாடப் புத்தகங்கள் வெள்ளைச் சணல் கட்டிய கனமான பார்சலாக வரும். ஒரு நாள் அதை என் மேஜையில் பொத்தென்று வைத்துவிட்டு, "இதே பார்சலை இன்னும் ரெண்டு வீட்டுக்குச் சுமக்கறேன் மேடம். உள்ளே என்ன, செங்கலா?" என்று கேட்டார். நான் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். பத்தே நாளில், மணியார்டர் ஃபாரத்தின் பின்னால் பென்சிலால் எழுதிய ஒன்பது விலாசங்கள் வந்தன.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வங்கி ஊழியர்கள் நான்கு பேர், காமர்ஸ் லெக்சரர் ஒருவர், காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர் ஒருவர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் தேறினார்கள். பன்னிரண்டாவது ஆள் செந்தில். கரூரில் ஆடிட்டர் ஆஃபீசில் வேலை பார்த்த பையன். மற்றவர்கள் எல்லாரும் மெட்ராஸ் என்று அலுத்துக்கொண்டபோது அவன் ஒருவன்தான் மெட்ராஸ் என்று சந்தோஷப்பட்டிருந்தான்.

"அக்கா, மெட்ராஸ்ல பரீட்சைன்னாதான் வீட்ல காசு கொடுப்பாங்க. திருச்சின்னா பஸ் டிக்கெட்டும் தயிர்சாதமும்தான்."

"பரீட்சைக்காகத்தானே தம்பி படிக்கிறீங்க?"

"பரீட்சைக்காகத்தான். ஆனா நான் இன்னும் கடலைப் பாத்ததில்லைக்கா."

நான் கையெழுத்துத் தாளை அவன் பக்கம் நகர்த்தும்போது, சுதா அவன் மேஜையிலிருந்த கால்குலேட்டரை எடுத்துக் கீழே போட்டாள். அவன் அதைப் பொறுக்கினான். பட்டன்களை அமுக்கிப் பார்த்தான். அடுத்து அவள் மைப்புட்டியின் பக்கம் கை நீட்டியதைப் பார்த்ததும் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். இரக்கமா பயமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

3. தேதி

ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு மையம் தென்னூரிலேயே ஒரு பள்ளிக்கூடம். என் ஆஃபீசிலிருந்து பத்து நிமிஷ நடை. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் வருகிற அதே பஸ்ஸில் வந்து தேர்வு எழுதிவிட்டு, அதே பஸ்ஸில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பலாம். மேனேஜரே கைகொடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தத் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் புரட்டினேன்.

வைகுண்ட ஏகாதசி.

எங்கள் வீடு அம்மா மண்டபம் சாலையில், ஆற்றுக்குப் பக்கத்தில். குளித்துவிட்டு ஈரம் மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவதற்கு அதைவிட வசதியான வீடு உறவில் யாருக்கும் கிடையாது. ஏகாதசி என்றால் முந்தின நாளே வந்துவிடுவார்கள். அந்த வருஷம் வந்த போஸ்ட்கார்டுகளைக் கூட்டினால் பதினேழு பேர். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் இருந்தார். கூட்டத்துக்காக அன்று அவருக்கு ஸ்பெஷல் டூட்டி. லீவு என்ற பேச்சே கிடையாது.

மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கீரையை ஆய்ந்துகொண்டே, "வேற நாள் வெக்கச் சொல்லேன்" என்றார்.

"அப்படியெல்லாம் மாத்த மாட்டாங்க அத்தை."

"நீ கேட்டுத்தானே திருச்சியில வெச்சாங்க? ஊரைக் கேட்டா கொடுக்கறவங்க நாளைக் கேட்டா கொடுக்க மாட்டாங்களா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். முந்தின ராத்திரியே தென்னூரில் என் ஆஃபீஸ் சிநேகிதி ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் காலையில் அலைச்சல் இல்லை.

"ராத்திரி சுதாவை விட்டுட்டா?" என்றேன். "விட்டுட்டுப் போக முடிஞ்சா நான் மெட்ராசுக்கே போயிருப்பேனே. அதுக்காகத்தானே இவ்வளவும் பண்ணினேன்?"

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

4. எதிர்த் திசை

அன்று காலை எங்கள் கூடத்தில் கால் வைக்க இடம் இல்லை. ஷேரின் ரிஸ்க்கை அளக்கும் பீட்டா ஃபார்முலாக்கள் எழுதிவைத்த தாள்களின் மேல் யாரோ ஈரத் துண்டை உலர்த்தியிருந்தார்கள். குளித்துவிட்டு வருகிறவர்களுக்குக் காபி, குளிக்கப் போகிறவர்களுக்கும் காபி. பதினேழு பேர் இருக்கிற வீட்டில் குழந்தையைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். பதினேழு பேர் இருந்ததுதான் என் கவலை. ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். வாசலில் ஜன சமுத்திரம், நாலு எட்டு வைத்தால் காவிரி. வீட்டு விலாசத்தை ஒரு துணிப் பட்டையில் எழுதி சுதாவின் கவுனில் தைத்தேன். மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்தேன். இரண்டாவது தடவை அத்தை, "போம்மா, போ. நீ வந்து வந்து நின்னாதான் அவ அழறா" என்றார்.

மாம்பழச் சாலையில் பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றுபோயிருந்தன. நடந்தேன். காவிரிப் பாலத்தின் முழு அகலத்துக்கும் ஜனங்கள் கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் எதிரே போகிறேன். கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஹால் டிக்கெட்டும் கால்குலேட்டரும் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். நடுப்பாலத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கோயிலு இந்தப் பக்கம்மா."

"தெரியுங்க. நான் அந்தப் பக்கம் போகணும்."

"இன்னைக்குப் போயா?" என்று உண்மையான பரிதாபத்தோடு கேட்டார்.

ஆறு மணிக்குக் கிளம்பியவள் ஒன்பதே காலுக்குத் தென்னூர் போய்ச் சேர்ந்தேன். பத்து மணிக்குத் தேர்வு. நேரம் இருக்கிறது என்று மூச்சு விட்டேன்.

5. பூட்டு

பள்ளிக்கூடத்தின் கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. அதற்கு முன்னால் பதினொரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏகாதசிக்குத் திருச்சி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. தேதி குறித்தவர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள். அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்த நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. மறுநாள் துவாதசிக்கு வீட்டில் எத்தனை படி அரிசி ஊறப்போட வேண்டும் என்று யோசித்தேனே தவிர, பள்ளிக்கூடம் பூட்டியிருக்குமே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

தேர்வை நடத்த வந்திருந்தவர் ஜோசப் சார். ஓய்வு பெற்ற காமர்ஸ் லெக்சரர். முத்திரை வைத்த கேள்வித்தாள் கட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்தபடி நின்றார். வாட்ச்மேனிடம் எட்டு மணிக்குத் திறக்கச் சொல்லியிருந்தாராம். எதிர்ப் பெட்டிக்கடைக்காரம்மா சொன்னார், வாட்ச்மேன் நேற்றே சொர்க்கவாசல் திறப்பதைப் பார்க்க ஸ்ரீரங்கம் போய்விட்டான், சாவியும் அவன் இடுப்பில்தான் இருக்கும் என்று. அந்தச் சாவியைப் பாலத்தில் நான் எதிரே கடந்து வந்திருந்தாலும் வந்திருப்பேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சென்டர் வாங்கினவள் நான்தானே.

"அக்கா," என்றான் செந்தில். "அங்க வாசல் காலையிலேயே திறந்துட்டாங்களாம். நமக்குத்தான் இன்னும் திறக்கலை."

வெங்காய மண்டிக்காரர் பூட்டை உடைத்துவிடலாம் என்றார். ஜோசப் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "பூட்டை உடைச்சுட்டு உள்ள போய் ரிஸ்க்கைப் பத்தி எழுதறதா? சும்மா இருங்க." பதினொரு மணி வரை காத்திருந்துவிட்டு, பக்கத்துச் சர்ச்சில் சாமியாரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு மறைக்கல்வி நடத்தும் ஹாலை வாங்கினார். இடம் மாறியதற்குச் சம்மதம் என்று பன்னிரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். என் வாழ்க்கையில் கையெழுத்துக்குப் பஞ்சமே இல்லை.

அது ஆறு வயதுக் குழந்தைகளுக்கான பெஞ்சு. முழங்கால் முகவாயில் இடித்தது. மூலையில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களுக்காகச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி: தனி ஒரு கம்பெனிக்கு மட்டும் வரும் ரிஸ்க்குக்கும், மார்க்கெட் முழுவதற்கும் வரும் ரிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்? முதல் வகையைப் பலவற்றில் முதலீட்டைப் பரப்பிக் குறைக்கலாம், இரண்டாவதை எதனாலும் தவிர்க்க முடியாது. நாலு பக்கம் எழுதினேன். இவ்வளவு தெளிவாக எந்தப் பதிலையும் நான் எழுதியதில்லை. இரண்டு பேப்பரையும் முடித்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். திரும்பிப் பாலம் கடந்து வீட்டுக்குப் போனபோது சுதா, தைத்த பட்டையைப் பிய்த்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

6. விடைத்தாள்

மேனேஜரிடம் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். ஜனவரிக் கடைசியில் கடிதம் வந்தது. முன் அனுமதி இல்லாமல் இடம் மாற்றி எழுதியதால் திருச்சி மையத்தின் விடைத்தாள்கள் திருத்தப்பட மாட்டா. பன்னிரண்டு பேரும் ஜூன் மாதம் மறுபடி எழுதலாம், கட்டணம் வேண்டாம். மையம்: மெட்ராஸ்.

அந்த வாரமே செந்திலிடமிருந்து போஸ்ட்கார்டு. "அக்கா, ரொம்ப நன்றி. ஜூனில் சந்திப்போம்."

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்றார். பிப்ரவரியில் மெட்ராசிலிருந்து ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு எங்கள் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டியதும் நான்தான். ஒன்றரை வருஷம் கழித்து அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகுதான், மற்றப் பாகங்களையும் எழுதி முடித்திருந்த எனக்கு அந்த நாற்காலி வந்தது.

ஜூன் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மத்தியானம், அத்தை சுதாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, பயந்து பயந்து ஆரம்பித்தேன். இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் காலையில் வந்துவிடுவேன், சுதா ராத்திரியில் அழுவாள், முடியாது என்றால் நான் போகவில்லை.

"போயிட்டு வா" என்றார்.

"டிசம்பர்லகூட மெட்ராஸ்தான் போட்டிருந்தாங்க அத்தை. இவளை விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான்..."

"அப்பவும் பாத்துக்கிட்டிருப்பேனே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நீ பாட்டுக்கு ஊர் ஊராப் போய்க் கையெழுத்து வாங்கிக்கிட்டிருந்தே. ஆஃபீஸ் வேலை போலிருக்குன்னு நானும் இருந்துட்டேன்."

எங்கள் தொழிலில் எந்தக் கணிப்பையும் அனுமானங்களை வைத்துத்தான் போடுகிறோம். இப்போது என் பிரிவில் சேருகிறவர்களிடம், எண்களைத் தொடுவதற்கு முன்னால் அனுமானங்களைத் தனித் தாளில் வரிசையாக எழுதச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை யாரிடம் கேட்டுச் சரிபார்த்தீர்கள் என்று பெயரையும் எழுத வேண்டும். பெயர் இல்லாத வரி இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மேடம் தொல்லை பண்ணுகிறார் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்று தெரியும். பேசட்டும். என்னுடைய தாளில் ஒரே ஒரு அனுமானம்தான் இருந்தது. அதற்கு எதிரே எழுதவேண்டிய பெயர் கூப்பிடு தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

ஜூனில் மெட்ராஸ் போனேன். தேர்வு ஹாலில் கேட் திறந்திருந்தது, ஃபேன் ஓடியது. மத்தியான பேப்பருக்கு செந்தில் செருப்பில் மணலோடு வந்தான். அன்று ராத்திரியே ரயில் ஏறினேன். ரயில் முழுவதும் சுதா என்ன பாடுபடுத்தியிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். காலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் தள்ளினேன்.

சுதா அத்தையின் மேல் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.