இத்தலார் சரிவில் பதினெட்டு நிமிட வெளிச்சம்

நவம்பர் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஈரோட்டில் அதிகாலை 4.40க்குப் பேருந்து ஏறினேன். மேட்டுப்பாளையம் சேர்ந்தபோது 7.35. அங்கிருந்து குன்னூர் முப்பத்து நான்கு கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஒன்பது வரை குறித்துக்கொண்டேன். அதற்குமேல் கண்ணாடிக்கு வெளியே மேகம் மட்டும்தான்.

நான் சமவெளியில் ஓர் அரசு அலுவலகத்தின் கோப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஓய்வு நாட்களில் நிலக்காட்சிப் படங்கள் எடுக்கிறேன். எடுத்த படத்தின் தேதி, மணி, வெளிச்சம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிடுவேன். நோட்டு நன்றாக இருக்கும், படங்கள் அப்படி இருக்காது. எல்லாவற்றிலும் பாதி வானம், பாதி தரை. அதைத் திருத்திக்கொள்ளத்தான் குன்னூரில் நடக்கும் மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தேன்.

வெள்ளி, காலை 10.30. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ பதினைந்து ரூபாய். குடித்து முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஓட்டுநர் பெயர் ரங்கராஜ், நாற்பது வயதிருக்கும். காரமடைப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா உருளைக்கிழங்குக் காட்டு வேலைக்கு மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்டாராம். ஜீப்பின் பின்பக்கம் இரண்டு ஜமுக்காளமும் மூன்று தலையணையும் சுருட்டிக் கிடந்தன.

"சவாரி போற எடத்துல படுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். மழை பேஞ்சா நாங்க குடும்பத்தோட ஜீப்புலதானுங்க படுக்கறது" என்றார். மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நிவேதா. கோவைக்காரர், முப்பது வயது. மாணவர்கள் ஆறு பேரும் அவரைவிட மூத்தவர்கள். முதல் ஒரு மணி நேரம் கேமராவைத் தொட விடவில்லை. நடுவில் செவ்வகமாக வெட்டிய ஓர் அட்டையை ஆளுக்கொன்று கொடுத்து, தேயிலைத் தோட்டத்து ஓரமாக நிற்க வைத்தார். அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனால் காட்சி விரிகிறது, தள்ளிப் பிடித்தால் சுருங்குகிறது.

"எதை உள்ள விடறீங்கன்னு எல்லாரும் பாப்பாங்க. எதை வெளிய நிறுத்தறீங்கன்னு நீங்க பாருங்க. நாலு மூலையையும் பாக்காம பட்டனை அழுத்தக்கூடாது" என்றார்.

வெள்ளி, மதியம் 12.30. மேகம் கொஞ்சம் விலகி உச்சி வெயில் வந்தது. தேயிலை பறிக்கும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நனைந்த இலைகள் தகரம்போலப் பளபளத்துப் பச்சையே தெரியவில்லை. லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டித் திருப்பச் சொன்னார் நிவேதா. திருப்பத் திருப்ப அந்த மினுக்கம் அணைந்து, அடியிலிருந்து பச்சை எழுந்து வந்தது. பிறகு எதிர்ச் சரிவைக் காட்டினார். வெயில் நேர் மேலேயிருந்து விழுந்ததால் சரிவு முழுவதும் சுவரில் ஒட்டிய துணிபோலத் தட்டையாக இருந்தது.

"இதே எடத்துக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. வெளிச்சம் பக்கவாட்டுல வரும். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும். நிழல் இருந்தாத்தான் உருவம்."

ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த ரங்கராஜ் கிட்டே வந்தார். "ஏனுங்க மேடம், மத்தியானத்துல போட்டோ புடிச்சா மேடுபள்ளம் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்கண்ணா."

அவர் ஜீப்பின் முன்பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். உள்ளே மாற்று வீட்டு மனை கேட்டு எழுதிய மனு. அதனோடு இணைத்த புகைப்படத்தில் ஒரு கேரட் காடு, அதன் கீழே ஓர் ஓட்டு வீடு. மனுவின் மேல் அதிகாரியின் குறிப்பு ஒன்று இருந்தது: 'இணைத்துள்ள படத்தில் பாதிப்பு ஏதும் காணப்படவில்லை.'

"ஊட்டுக்கு மேல காடு வெடிச்சிருக்குதுங்க சார். நாப்பது அடிக்கு விரிசல். என்ற சம்சாரம் ரெண்டு பக்கமும் குச்சி நட்டு வெச்சு தெனமும் சாண் போட்டுப் பாக்கறா. வந்தவங்க மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வந்து போன்ல புடிச்சுட்டுப் போனாங்க. அதுல பாத்தா நம்ம காடு பாயி விரிச்சாப்ல இருக்குது."

வரும் புதன்கிழமை மனுநீதி நாள். இன்னொரு படம் வைத்து மறுபடியும் மனு கொடுக்க வேண்டும் என்றார். வீடு இத்தலாரில். ஊட்டியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். மறுநாள் விடியற்காலை கேரட் படிக்கட்டு வயல்களைப் படமெடுக்க எங்கேயாவது போவதாக ஏற்கெனவே திட்டம் இருந்தது. நிவேதா உடனே ஒப்புக்கொண்டார்.

"படத்தை நான் எடுத்துத் தர்றேன். எப்படிப்பட்ட படம் கோப்புல நிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று ரங்கராஜிடம் சொன்னேன். சொன்ன நேரம் பிற்பகல் 1.10. நோட்டில் இருக்கிறது.

சனி, காலை 4.30. குன்னூரிலிருந்து கிளம்பினோம். ஊட்டி ஏரிப் பக்கம் தெருவிளக்குகள் பஞ்சுக்குள் எரிவதுபோல எரிந்தன. இத்தலாரில் இறங்கியபோது மணி 5.55. ரங்கராஜின் மனைவி செல்வி ஆரஞ்சு நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கேமராக் கால்களோடு ஏழு பேர் இறங்குவதைப் பார்த்துக் கணவரிடம் திரும்பினார்.

"ஊடு உழுகப்போவுதுன்னு சொன்னா போட்டோக்காரங்களக் கூட்டியாந்திருக்கறீங்க. யாருக்குக் கல்யாணம்?"

"சும்மா இரு புள்ள. சார் ஆபீசுல இருக்கறவரு."

"எந்த ஆபீசு? 'பாதிப்பு காணப்படவில்லை'ன்னு எழுதற ஆபீசா?"

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு எதிர்ப்புறச் சரிவில் ஏறி நின்றோம். 6.41 வரை வெள்ளை தவிர ஒன்றும் இல்லை. பிறகு கிழக்கே மேகம் ஒரு முழ அகலத்துக்குக் கிழிந்தது. வெளிச்சம் சரிவின்மேல் பக்கவாட்டில் படுத்தது. அதுவரை வெறும் கேரட் காடாக இருந்த இடத்தில், கத்தியால் கீறியதுபோல அந்த விரிசல் எழுந்தது. மேல் உதட்டில் வெயில், உள்ளே கறுப்பு, கீழ் உதட்டில் ஈரச் செம்மண். அங்கங்கே பாத்திகள் அரை அடி இறங்கியிருந்தன. வகுப்பில் கேட்ட பாடம் ஒன்று இவ்வளவு சீக்கிரம் கண்முன் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழகாகவும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

அளவு தெரிவதற்காக விரிசலின் அருகே ஓர் ஆள் நின்றால் நல்லது. கத்திச் சொன்னேன். செல்வி ஏறிப்போய் நின்றார். 6.44க்கு ஏழாவது படம்: மேலே விரிசல், அதன் அருகே செல்வி, நடுவே பாத்திகள், இடது கீழ் மூலையில் அவர்கள் வீடு. ஒழுகும் ஓட்டின்மேல் நீலத் தகரம் போட்டிருந்தார்கள். கேமராவின் பின்திரையில் ரங்கராஜுக்குக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுதானுங்க சார். இது போதுமுங்க."

நான் நிறுத்தவில்லை. வெளிச்சம் இன்னும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. 6.52க்கு நிவேதா என் திரையை எட்டிப் பார்த்தார். "சார், அந்த நீலம் கண்ணை இழுக்குது. மூணு அடி வலது பக்கம் போய்க் கேமராவையும் அப்படியே திருப்புங்க. விரிசல் மூலையிலேருந்து கிளம்பி அந்த அக்காகிட்ட போய் முடியட்டும்." மூன்று அடி நகர்ந்து கேமராவைத் திருப்பினேன். பத்தொன்பதாவது படம். பச்சைக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளியாக செல்வி, அவரை நோக்கி ஓடும் கறுப்புக் கோடு, பின்னால் ஒன்றைவிட ஒன்று வெளிறிய மூன்று மலை அடுக்குகள். நான்கு மூலைகளையும் பார்த்தேன். தேவையற்ற எதுவும் இல்லை. 6.59க்கு மேகம் மூடிக்கொண்டது. மொத்தம் பதினெட்டு நிமிடம்.

சனி, மாலை 6.30. நிவேதாவின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அன்று எடுத்த படங்களில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட வேண்டும். பத்தைக் கணினியில் ஏற்றியதும் கேமராவின் நினைவு அட்டையையும் துடைத்துவிட வேண்டும். "அப்பறம் பாத்துக்கலாம்னு வெச்சா கண்ணு வளராது" என்பார். என்னிடம் எண்பத்து மூன்று படங்கள் இருந்தன. எழுபத்து மூன்றை அழிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிக்கொண்டே அழித்தேன். பத்தொன்பதைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டியபோது அறையில் யாரும் பேசவில்லை. இத்தனை ஆண்டுகளில் என் படம் ஒன்றுக்கு அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை.

ஞாயிறு. முழு நாளும் மழை. விடுதி ஜன்னலில் வழியும் நீரையும் அதற்கு அப்பால் கலங்கிய பச்சையையும் படமெடுத்தோம். பிற்பகல் 3.15க்கு ரங்கராஜ் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். கால் கிலோ வர்க்கி பிஸ்கட் வாங்கி என் பையில் திணித்தார். வேண்டாம் என்றபோது, "உங்களால எங்களுக்கு ஒரு வழி பொறக்குதுங்க சார், இது கூடவா வேண்டாம்?" என்றார். ஜமுக்காளங்கள் இடம் மாறாமல் கிடந்தன, ஈரமாக.

திங்களன்று ஈரோட்டில் பத்தொன்பதாவது படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கூரியரில் அனுப்பினேன். போனிலும் அனுப்பினேன். கும்பிடும் கைகள் மூன்று வந்தன.

புதன், மாலை 7.15. ரங்கராஜ் அழைத்தார். பின்னால் தகரத்தில் மழை அடிக்கும் சத்தம். ஜீப்பிலிருந்துதான் பேசினார்.

"படத்தப் பாத்து ஆபீசரே அசந்துபோயிட்டாருங்க சார். எந்த ஊரு எடம் இதுன்னு கேட்டாரு. தன்ற போன்ல ஒண்ணு புடிச்சுக்கிட்டாரு." நிறுத்தினார். "அப்பறம், விரிசல் இருக்குது, சரி, ஊடு எங்கப்பான்னு கேட்டாருங்க."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"நானும் பாக்கலீங்க சார். அவளும் பாக்கல. விரிசலையும் அவளயும்தான் பாத்தோம். காட்டுல வெடிப்பு இருந்தா அது வேற துறையாம். ஊட்டுக்கு ஆபத்துன்னா ஊடு தெரியோணுமாம். அன்னிக்கு நீங்க மொதல்ல காட்டுனீங்களே, அதுல இருந்துச்சுங்களே சார். அத அனுப்புனீங்கன்னா..."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். ஜீப்புக்குள் யாரோ, செல்வியாகத்தான் இருக்க வேண்டும், போர்வையை இந்தப் பக்கம் இழுக்கச் சொன்னார்கள்.

கடைவீதியில் அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடை ஒன்றுக்கு மறுநாள் போனேன். துடைத்த நினைவு அட்டையில் ஞாயிற்றுக்கிழமை மழையை நிரப்பியிருந்தேன். ஏழாவது படத்தில் மேல் விளிம்பில் கொஞ்சம் வானம் கிடைத்தது. மீதி சாம்பல் பட்டைகள். நோட்டில் மட்டும் படம் முழுதாக இருந்தது: 'எண் 7. காலை 6.44. விரிசல், ஆள், பாத்தி, வீடு. இடது கீழ் மூலையில் நீலத் தகரம், உறுத்துகிறது. நீக்கம், மாலை 6.50.' நல்ல கையெழுத்து.

இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனை மனுக்களில் எத்தனை படங்களைப் புரட்டியிருப்பேன். வாசல், கதவு எண், பக்கத்தில் நிற்கும் மனுதாரர். அவை அழகில்லாத படங்கள். ஆனால் எங்கே, யாருடையது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இருந்தது. அது எனக்குத் தெரியும் என்றுதான் ரங்கராஜிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை. வெள்ளி இரவே ஊட்டிக்கு வந்து, 650 ரூபாய் அறையில் தங்கி, காலை 6.20க்கு இத்தலாரின் அதே சரிவில் நின்றேன். ரங்கராஜ் போனில் வேண்டாம் என்றுதான் சொன்னார். "மேகம் தொறக்காதுங்க சார். வீணா அலையாதீங்க." 6.41 ஆயிற்று. 6.59 ஆயிற்று. ஒன்பது மணி வரை நின்றேன். கேரட் காடு இல்லை, விரிசல் இல்லை, மலை இல்லை. அந்த வெள்ளைக்குள் தெரிந்தது ஒன்றே ஒன்று: இடது பக்கம் கீழே, கண்ணை இழுக்கும் நீலத் தகரம். அதை எடுத்தேன்.

செல்வி குடையோடு ஏறி வந்து டீ கொடுத்தார். திரையைக் காட்டச் சொன்னார்.

"இதுல ஊடு இருக்குது."

"இருக்குங்க."

"வெடிப்பு இல்ல."

"இல்லீங்க."

"ரெண்டு போட்டோவையும் ஒட்டவெச்சுக் குடுத்தா ஏத்துக்குவாங்களா?"

இரண்டு படமும் ஒரே இடம்தான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டிருப்பேன். பார்க்கலாம் என்றேன். குச்சிகளுக்கு நடுவே இப்போது எவ்வளவு என்று கேட்டேன். போன வாரம் ஒரு சாண், இப்போது ஒரு சாணும் நாலு விரலும் என்று கையை விரித்துக் காட்டினார்.

அந்தக் கையை ஒரு படம் எடுத்தேன். மேகத்தின் சாம்பல் வெளிச்சம், நிழல் எதுவும் விழவில்லை. பின்னணியில் அரைகுறையாக நீலம். மூலைகளைப் பார்க்கவில்லை.

மதியம் 12.10க்கு மஞ்சூரிலிருந்து வந்த பேருந்தில் ஏறி ஊட்டிக்குத் திரும்பினேன். இரவு 8.50க்கு ஈரோடு. எங்கள் தெருவில் தரை தட்டையாகக் கிடக்கிறது. எது எங்கே சரியும் என்று இங்கே யாரும் யோசிப்பதில்லை. அன்றைய கணக்கில் இரண்டு படங்கள். நோட்டைத் திறந்து எதிரே நீக்கத்துக்குக் காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். இரண்டும் இருக்கின்றன.