கிளைவ் அழித்த ஷெல்

யூஜினா யாரையும் எளிதில் மன்னிக்கிறவள் இல்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு வயது முப்பத்தொன்று. தாய் மார்கிரட் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மகள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இலேசில் விடமாட்டாள் என்பது தாய்க்குத் தெரியும். மேலதிகாரி கிளைவுக்குத்தான் தெரியாது.

கணினிக்குக் கட்டளை கொடுக்க உதவும் மென்பொருளை ஷெல் என்பார்கள். வழக்கமான ஷெல்லும் மற்றக் கட்டளைகளும் ஒரே பொது லைப்ரரி கோப்பை நம்பித்தான் ஓடும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் எல்லாம் ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதைப் போல. பீலி அடைத்தால் அத்தனை வீட்டுக் குடமும் காலி. அதனால் யூஜினா தொழிற்சாலையின் பொதுக் கணினியான சேர்வரில் இன்னொரு ஷெல்லையும் வைத்திருந்தாள். தனக்கு வேண்டியதை எல்லாம் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்டாட்டிக் ஷெல். அளவில் பெரியது, பார்க்கப் பழையது, ஆனால் யாரையும் நம்பி நிற்காது.

கண்ணில் பட்டதும் கிளைவ் அதை அழித்தார். அதோடு விட்டிருக்கலாம். கொழுந்து நிறுக்கும் புதிய தராசை விளக்க, தொழிலாளர் பேர் கொடுக்கக் கூடும் காலைப் பெரட்டுக்கு வந்தவர், மலைக்குப் போக நின்ற இருநூறு பேர் முன்னால், கூட வந்திருந்த அவளைக் காட்டிச் சிரித்தார்.

“லயத்துல பழைய டின்னெல்லாம் சேத்து வைப்பாங்கல்ல? இந்தப் பிள்ள அந்தப் புத்திய சேர்வருக்கும் கொண்டாந்திருச்சி!”

கடைசி வரிசையில் மார்கிரட் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனைக்கும் கிளைவ் டயகம தோட்டத்தில் லயத்து ஒற்றையறைக் காம்பிராவில் பிறந்தவர்தான். அன்று மத்தியானமே யூஜினாவின் பாஸ்வேர்டைப் பறித்து, தேயிலை மூட்டைக்கு லேபிள் அச்சடிக்க உட்காரவைத்தார்.

அவள் அழவில்லை. பாஸ்வேர்டைக் கொடுப்பதற்கு முன், தன்னிடம் இருந்த அந்த ஷெல்லின் பிரதியொன்றைச் சேர்வரின் வேறொரு மூலையில் தாயின் பெயரில் ஒளித்து வைத்தாள். பிறகு இரண்டு மாதம் லேபிள் அச்சடித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தானே சேர்வரைப் புதுப்பிக்கப் புறப்பட்ட கிளைவ், பொது லைப்ரரி கோப்பை இடம் மாற்றிவிட்டார். அந்தக் கணமே எல்லாம் நின்றது. கோப்பைத் திருப்பி வைக்கலாம் என்றால், நகர்த்தும் கட்டளைக்கே அந்தக் கோப்பு வேண்டும். கொழும்புக்குப் போக வேண்டிய நான்கு லொறிகள், கணினி அச்சடிக்கும் அனுப்புப் பத்திரத்துக்காக வாசலில் காத்து நின்றன. தோட்ட நிர்வாகியான தொரை இரண்டு தரம் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்.

வேர்த்து வழிய லேபிள் அறைக்கு வந்தார் கிளைவ்.

“யூஜினா, கொஞ்சம் வந்து பாரும்மா.”

“சேர்வர் விண்டோவ மூடிட்டீங்களா ஐயா?”

“இல்ல, தொறந்துதான் இருக்கு.”

“மூடிறாதீங்க. மூடுனா திரும்ப உள்ள போக முடியாது.”

சொல்லிவிட்டுத் தன் பிளேன்டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு அப்படி இனித்தது.

“அந்த ஷெல்லு இருந்தா ரெண்டு நிமிஷ வேல. யார் அழிச்சது?”

“நாந்தான். தப்புதாம்மா.”

“எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? நாளைக்குப் பெரட்டுல சொல்லுங்க. சொல்லப்போறேன்னு தொரைக்கு இப்பவே போன் எடுங்க. அதுக்கப்புறம் பாப்போம்.”

கிளைவ் லொறிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனை எடுத்தார்.

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து யூஜினா ஒளித்த ஷெல்லைக் கூப்பிட்டாள். திரையில் வந்த மார்கிரட் என்ற பெயரைக் கிளைவ் குனிந்து வாசித்தார். அதற்குள்ளேயே இருந்த நகர்த்தும் கட்டளையால் கோப்பைப் பழைய இடத்தில் வைத்தாள். லொறிகள் புறப்பட்டன.

மறுநாள் காலை, பெரட்டுக்களத்தில் பனி மூடியிருந்தது. தொரை பக்கத்தில் நிற்க, கிளைவ் நிலத்தைப் பார்த்து முணுமுணுத்தார்.

“யூஜினா வச்சிருந்தது தேவையானதுதான். நாந்தான் தெரியாம அழிச்சிட்டு, அந்தப் பிள்ளையப் பத்தி தப்பா பேசிட்டேன்.”

யூஜினாவுக்கு அது போதுமாக இருந்தது. கடைசி வரிசையில் நின்றவளுக்குப் போதவில்லை. மார்கிரட் தலையை நிமிர்த்தினாள்.

“ஐயா, இங்க பின்னால ஒண்ணுமே கேக்கலிங்க. அன்னைக்குப் பேசுன சத்தத்துலயே சொல்லுங்க.”

கிளைவ் முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.