தேயிலைக்குள் ஓடிய டயர்

சூசையம்மா லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைகள் எல்லாம் அவர் பொறுப்பு. மகன் ஜெசிந்தன் கட்டாருக்குப் போகையில் தன் சின்னக் காரை விட்டுப்போனான். அப்பா ஓட்டட்டும் என்றுதான் சொன்னான். அப்பா யேசுரத்தினமோ ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்த்துக் கொட்டுகிற மனிதர். ஆகவே ஐம்பத்தெட்டு வயதில் சூசையம்மா லைசன் எடுத்தார்.

ஓட்டினால் மட்டும் போதாது, காரின் பசி தாகத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதல் நாள் ஒயில் பார்க்கப் போனார். ஒரு பிடியை இழுத்தார். பெற்றோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தார், டிக்கி திறந்தது.

"பொனட்ட தவிர எல்லாம் தொறக்குது," என்றார் யேசுரத்தினம், எட்ட நின்றபடி.

ஒருவழியாக அதுவும் திறந்தது. ஒயில் கம்பியை உருவி, பழந்துணியால் பளபளவென்று துடைத்துப் பார்த்தார். ஒயிலே இல்லை. பதறிப்போய் கராஜ்காரர் புவாத்துக்குப் போன் போட்டார்.

"கம்பிய தொடச்சீங்களாக்கா?"

"நல்லா தொடச்சேன் தம்பி. ஒரு சொட்டு இல்ல."

"தொடச்சா எப்படிக்கா இருக்கும்? திரும்ப உள்ள விட்டு எடுத்துப் பாருங்க."

இருந்தது, வேண்டிய அளவு.

டயர் மாற்றுவதையும் புவாத்தே வந்து காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும், கோயில் முற்றத்தில் சூசையம்மா ஒரு நல்ல டயரைக் கழற்றிப் பூட்டுவார்.

"காத்து போயிருச்சாம்மா?" என்று பாதர் கேட்பார்.

"இல்லீங்க பாதர். பழகுறேன்."

அந்தப் பழக்கத்துக்கு வேலை வந்தது ஜெயரூபனின் கல்யாணத்தன்று. ஜெயரூபன் பிள்ளைக் காம்பராவில் அவர் தொட்டில் ஆட்டி வளர்த்த பையன். கல்யாணம் பதுளையில். முதல் நாள் பெய்த மழையில் ரோடெல்லாம் ஈரம். தேயிலை மலை வளைவொன்றில் டயர் புஸ்ஸென்று இறங்கியது.

சூசையம்மாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பட்டுச் சேலையை இழுத்துச் செருகினார். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்தார். ஸ்பெயார் டயரை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார்.

"இத மட்டும் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

சூசையம்மா காரை ஜாக்கியால் தூக்கி, பழைய டயரைக் கழற்றும் வரை யேசுரத்தினமும் அப்படியே நின்றார். அப்போது அவருடைய வெள்ளைக் காற்சட்டைக்குள் ஓர் அட்டை ஏறியது. இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

டயர் ரோட்டைத் தாண்டியது, ஓரத்துத் தண்ணீர்க் கானைத் தாண்டியது, தேயிலைக்குள் இறங்கியது. நிரைகளுக்கு நடுவிலிருந்த குறுக்குப் பாதை அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. கீழே கொட்டகை போட்ட மடுவத்தில் பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றிருந்தார்கள். டயர் போய்ச் சாக்குக் குவியலில் மோதிச் சாய்ந்தது.

"ஓடி வந்த நம்ம பிள்ளைய புடிச்சு வைங்க," என்று மேலிருந்து கத்தினார் சூசையம்மா.

"யாரு, காம்பரா அம்மாவா?" என்று நிமிர்ந்து பார்த்தாள் வரிசையில் முதலாவதாக நின்ற மாரியாயி. பிறகு டயரைத் தூக்கித் தராசில் மாட்டினாள்.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். "ஒன் கொழுந்த விட இது கூட நிக்கிது மாரியாயி."

"அப்ப இதையும் எம் பேர்லயே போடுங்க."

"ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி இதுலயும் நிறைய கழிப்பேன்," என்றார் அவர், சிரிக்காமல்.

மாரியாயி டயரைத் தலையில் வைத்து மேலே கொண்டுவந்தாள். மற்றப் பெண்களும் வேடிக்கை பார்க்கத் தொடர்ந்தார்கள். சூசையம்மா நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கியபோது, அதற்குக் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினார். யேசுரத்தினம் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. சூசையம்மா நேரே மணவறைக்குப் போய், "என் ராசா," என்று ஜெயரூபனின் கன்னத்தைத் தடவினார். கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

அதைத் திருஷ்டிப் பொட்டென்று நினைத்த பெண் வீட்டு அத்தை ஒருத்தி, "எங்க புள்ளைக்கும் ஒண்ணு வச்சு விடுங்க," என்று மணப்பெண்ணின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

சூசையம்மா தன் விரலைப் பார்த்தார். இன்னும் இருந்தது. வைத்துவிட்டார்.