இடது தோளுக்கு ஒரு வார்

மனைவிக்கு இடது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆனபோது, இனி மலை ஏறலாம் என்றார் மருத்துவர். இரண்டு நிபந்தனைகள் சொன்னார். முதுகில் நான்கு கிலோவுக்கு மேல் கூடாது. இடது தோளில் பாரமே கூடாது; அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருப்பதால் கை வீங்கும்.

பதினெட்டு வருடமாக இருவரும் மலைக்குப் போகிறோம். தன் பையை அவள் ஒருமுறைகூட என்னிடம் தந்ததில்லை. அதைச் சமையலறைத் தராசில் வைத்தேன். வெறும் பையே ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். தண்ணீரும் சாப்பாடும் மழைக்கோட்டும் மீதியில் அடங்காது.

"அப்போ நான் வரல்ல," என்றாள். "நீங்க சுமந்து நான் கைய வீசிட்டு வரதுக்கு, வீட்டுலயே இருந்துக்கிடுவேன்."

வேறு பை செய்வதென்று முடிவெடுத்தேன். தக்கலையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம். நான் கொண்டுபோன மெல்லிய நைலான் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சாரே, இது சக்கப்பழம் தூக்கவா, கடுதாசி தூக்கவா?"

"நாலு கிலோ தூக்கணும். பத்து வருசம் கிழியப்பிடாது."

"அப்படின்னா துணியப் பாக்காதிய. கிழியது எப்பவும் தையல்லதான்."

வார் சேரும் இடங்களில் மட்டும் தடித்த துணி வைத்து இரட்டைத் தையல் போட்டார். பழைய பையில் இருந்த இரும்புச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு ஸ்பாஞ்சுப் பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகினோம். பாரம் இடுப்பில் இறங்க அகலமான பட்டி வைத்தோம்.

அதன் பிறகு நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் பக்கத்தில் எதை ஒட்டவும் அடைக்கவும் ரப்பர்பால்தான் முதலில் நினைவுக்கு வரும். தையல் துளைகளில் மழை இறங்காதிருக்க அதை இரண்டு பூச்சு பூசினேன். மூன்று நாள் வெயிலில் பிசுபிசுத்துப் பை தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. அறுபது கிராம் கூடியும் இருந்தது. வேறு துணி வாங்கி மறுபடி வெட்டினோம்.

இரண்டாவது பை அறுநூற்று எழுபது கிராம். நான்கு கிலோ வரும்படி தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, ஐந்து நாள் நானே சுமந்து பார்த்தேன். ஒரு நூலும் விடவில்லை. இடது தோளுக்கு வார் வைக்கவில்லை. வலது தோளும் இடுப்புமே தாங்கிவிடும்.

அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"இந்தப் பக்கம் எங்க?"

"பாரம் விழப்பிடாதுன்னு விட்டுட்டேன்."

"டாக்டர் வெட்டினது போதாதுன்னு நீங்களும் வெட்டிப்போட்டியளா?"

எதை அளந்தேன், எதை அளக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் தக்கலைக்குப் போய் இடது வாரும் வைத்தேன். அகலமானது, மெத்தென்றது, பாரம் இழுக்காதபடி தளர்வானது. முப்பத்தெட்டு கிராம் கூடிற்று.

முதலில் சிதறால் மலைக்குப் போனோம். பாதிப் பாதையில் நின்று இடது கையை மடக்கி நீட்டினாள். விரல்கள் லேசாகத் தடித்திருந்தன. நான் பையைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"தொடாதிய. வலிச்சா நானே இறக்கி வைப்பேன்."

இறக்கிப் பாறைமேல் வைத்தாள். கையை உயர்த்தியபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, முதலில் இடது கையை நுழைத்து, பையை மாட்டிக்கொண்டாள்.