மடைமேல் அசைந்த வெள்ளைத் துண்டு

பங்குனி பிறந்துவிட்டால் காரைக்குடியில் எங்கள் வாடகை வீட்டுக்குள் வெயில் கேட்காமலே குடிவந்துவிடும். தம்பிக்குக் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. எனக்கு மூன்றாம் வகுப்பின் முழு ஆண்டுப் பரீட்சை. அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வெள்ளைத் துண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து எங்கள் தலையில் போட்டுவிடுவாள். வேர்க்குருவுக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான், எனக்குக் கணக்கு வராததற்கும் அதுதான்.

அம்மா கோயம்புத்தூர்க்காரி. அப்பா அங்கே மில் வேலைக்குப் போன இடத்தில் தானே பார்த்து, தானே முடிவு செய்து அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தவர். கல்லல் பக்கத்துக் கிராமத்தில் இருந்த தன் அண்ணனை, அதாவது என் பெரியப்பாவை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பாதான் அந்த ஊருக்கு அம்பலம். அவரைக் கேட்காமல் ஊரில் ஒரு காரியமும் நடக்காது; சொந்தத் தம்பியின் கல்யாணம் மட்டும் நடந்துவிட்டது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நான் பிறந்ததற்கும் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை, தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்தியதற்கும் வரவில்லை. தாய்மாமன் மடி கோவையிலிருந்து வந்தது, கறிச்சோறு மிஞ்சிப்போனது.

ஆனாலும் வருஷத்தில் ஒரு நாள் அப்பா அந்த ஊருக்குப் போவார். அறுவடை முடிந்து கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் ஊர் கூடி மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிக்கும். அன்றைக்கு எந்த ஊர்க்காரரும் வந்து கண்மாயில் இறங்கலாம். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். முறைப்படி நடந்தால் அடுத்த பருவத்துக்கு மழை குறைவைக்காது என்பது நம்பிக்கை. முறை என்றால் இதுதான்: கரைக்குக் கீழே இருக்கும் அய்யனாருக்கு அம்பலம் தேங்காய் உடைத்துவிட்டு, தண்ணீர் திறந்துவிடும் மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரைக்கும் ஒருத்தர் கால்விரல் தண்ணீரில் படக் கூடாது. என் தாத்தா வீசிய துண்டு, அவருக்குப் பின் பெரியப்பா கைக்கு வந்தது.

அப்பா அங்கே போய் வெளியூர்க்காரர் மாதிரி கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். மடைமேல் நிற்கும் அண்ணனைத் தூரத்திலிருந்து பார்ப்பார். துண்டு அசைந்ததும் இறங்கி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, பிறந்த வீட்டின் தெருவுக்குக்கூடப் போகாமல் திரும்பிவிடுவார். அன்றைய குழம்பை மட்டும் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்.

அந்த வருஷம் அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், பிள்ளைகளும் பார்க்கட்டும், எல்லோரும் போகலாம் என்று. பரீட்சைக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது வசதியாகப் போயிற்று. விடியும் முன்பே நாலு பேரும் ஒரே பைக்கில் கிளம்பினோம். நான் முன்னால் பெட்ரோல் டேங்க் மேல், தம்பி நடுவில், அம்மா மடியில் பையும் ஈரத்துண்டும். வழியெல்லாம் அப்பா அம்மாவுக்கு மீன் கதை சொல்லிக்கொண்டு வந்தார். விரால் எப்படிச் சேற்றில் ஒளியும், கெளுத்தி எப்படிக் கையைக் குத்தும் என்பதையெல்லாம் சொன்னவர், துண்டுக் கதையை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

கரைமேல் ஏறினோம். அவ்வளவு பெரிய கண்மாயையும் நான் பார்த்ததில்லை, அவ்வளவு மனிதர்களையும் பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரின் விளிம்போடு விளிம்பாக ஆண்களும் பெண்களும் நின்றார்கள். கையில் வலை, கொசுவலை, பழைய சேலை, மூங்கிலால் முடைந்த அடியில்லாத ஊத்தாக் கூடை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டெல்லாம் வந்திருந்தார்கள். இத்தனை பேர் நின்றும் சத்தமே இல்லை. நடுத்தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்தது எங்கள் கரை வரை கேட்டது. யாரும் காலை நீட்டவில்லை. காவலுக்குப் போலீஸ் இல்லை, கயிறு இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்க்கு இருபது பேர் நின்றாலே அடிதடி நடக்கும். இங்கே இத்தனை பேரை எது பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்பா செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஊத்தாவோடு கீழே இறங்கி வரிசையில் நின்றுகொண்டார். அம்மா எங்களுக்கு இடம் தேடினாள். கரை முழுக்க நெருக்கடி. மடைக்கல் பக்கம் மட்டும் ஒரு ஈ காக்கை இல்லை. மேலே புங்கமர நிழல் வேறு. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு வெயிலில் நிற்கிறார்களே, விவரம் போதாத ஜனங்கள் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய் மடைமேல் ஏறி நின்றாள்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. அப்பாவைக் கண்டுவிட்டான். அம்மா பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிய நேரத்தில் கையை உருவிக்கொண்டு கரைச் சரிவில் தடதடவென்று இறங்க ஆரம்பித்தான். கீழே தண்ணீர். அம்மாவுக்கு உயிர் போய்விட்டது.

"ஏனுங்க! பையனப் புடிங்க! ஏனுங்க!"

அந்தத் தூரத்துக்குக் குரல் எட்டவில்லை. போன் அவள் கையிலேயே இருந்தது. தோளில் கிடந்த ஈரத்துண்டை உருவித் தலைக்கு மேலே தூக்கி வீசினாள். பலமாக இன்னொரு முறையும் வீசினாள்.

எதிர்க்கரையிலிருந்து ஒரு ஓசை கிளம்பியது. அது இரண்டு பக்கமும் பரவி எங்களிடம் வந்து சேர்வதற்குள் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். கண்மாயே எழுந்து ஓடிய மாதிரி இருந்தது. வெள்ளையாகக் கிடந்த தண்ணீர் ஒரு நொடியில் சேற்று நிறமானது. குலவை, கூச்சல், சிரிப்பு. பயந்துபோன மீன்கள் ஆள் உயரத்துக்குத் துள்ளின. கொக்குகள் எல்லாம் மொத்தமாக மேலே கிளம்பின. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். துண்டு இன்னும் அவள் கையில் இருந்தது. காலையில் எனக்குச் சடை பின்னும்போது இழுத்து மண்டையில் குட்டிய அதே கைதான். அந்தக் கை அசைந்தால் ஒரு கண்மாய் முழுக்க மனிதர்கள் ஓடுவார்கள் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

தம்பியை அப்பா பிடித்துவிட்டார். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மடையை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஏன் நம் அப்பா மட்டும் மீன் பிடிக்காமல் நிற்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் வேகமாகக் கரையேறி வந்தார். ஒரு கையில் உடைக்காத தேங்காய். தோளில் வெள்ளைத் துண்டு. அப்பாவின் விடைத்த காதுகள் அவருக்கும் இருந்தன. அதை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

பெரியப்பா கண்மாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். கீழே தம்பியோடு நின்ற அப்பாவையும் பார்த்தார். அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து வந்த பெரியவர்கள் மூச்சிரைக்கக் கரையேறும் சத்தம் பின்னால் கேட்டது. தேங்காயைக் கல்லில் வைத்துவிட்டு, தோள் துண்டை எடுத்து, மடை விளிம்பில் போய் நின்று, ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்த கண்மாயைப் பார்த்து நிதானமாக வீச ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மனிதர், இவ்வளவு தாமதமாக வந்து வீசுகிறாரே.

"என்னப்பா அம்பலம், தேங்கா ஒடைக்கலயே! அதுக்குள்ள வீசிப்புட்டீக?" என்றார் முதலில் வந்த கிழவர்.

"கை முந்திருச்சு சித்தப்பு. சனம் தவிச்சுக்கிட்டு நின்னுச்சு, எனக்குப் பொறுக்க முடியல."

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. என் அம்மா செய்த அற்புதத்தை இவர் தன் பேரில் போட்டுக்கொள்கிறார். வீட்டில் அம்மா பாஷை ஒன்று, அப்பா பாஷை ஒன்று, எனக்கு இரண்டும் வரும். எல்லோருக்கும் புரியட்டும் என்று அப்பா பாஷையில் கத்தினேன். "இல்ல, எங்கம்மாதான் மொதல்ல வீசுனா..."

முடிப்பதற்குள் பெரியப்பா என்னை அலாக்காகத் தூக்கிவிட்டார். "ஆரு வீட்டுப் புள்ள இது? வெயிலு மண்டையப் பொளக்குது, தலையில ஒரு துணியில்லாம நிக்கிது." கையிலிருந்த துண்டை என் தலையைச் சுற்றி, காதைச் சுற்றி, வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். அதில் விபூதி வாசனையும் கற்பூர வாசனையும் அடித்தன. அப்புறம் நான் சொன்னதெல்லாம் எனக்கே கேட்கவில்லை.

பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கிப்போனார்கள். அம்மா ஈரத்துண்டைப் பைக்குள் திணித்தாள். "தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்க" என்றாள்.

பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெயிலு ஏறுது தாயி. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ஒங்க அக்கா இருக்கா."

அப்பா தம்பியோடு அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்தார். 'வீட்டுக்கு' என்ற சொல் அவர் காதில் விழுந்தது. சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் சேறு தெறித்துவிட்டது என்று நினைத்து, என் தலைத்துண்டின் நுனியை அவரிடம் நீட்டினேன்.

அன்று மத்தியானம் பெரியம்மா விராலைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவி வைத்த குழம்பை நான் இன்னொரு தடவை எங்கேயும் சாப்பிட்டதில்லை. சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா எங்களை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் உடைக்காத தேங்காயை அவர் உடைத்தார். அப்புறம் சட்டையில்லாத உடம்போடு சுடுமண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தப்பு என் மேலதான்" என்றார். கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அய்யனாரக் கேக்காம வீசுன கை இனி மடை ஏறக் கூடாதுப்பா. பேசி முடிச்சாச்சு" என்றார். அம்மா அழுதாள், வாயைத் திறக்கப் போனவளை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். நான் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தாமதமாக வீசினதற்குத்தான் பெரியப்பா மன்னிப்புக் கேட்கிறார், அது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கோடை முழுக்க நான் அம்மாவை மரியாதையோடு பார்த்தேன். கரண்ட் போனால், அது திரும்பி வரட்டும் என்று துண்டை எடுத்துக் கொடுத்து வீசச் சொல்வேன். பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாள் காலையிலும் கொடுத்துப் பார்த்தேன்; அதைப் பிடுங்கி என் தலையைத்தான் துவட்டிவிட்டாள். ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. அய்யனாருக்குக் கோபம் இல்லை போலிருக்கிறது. ஆனால் ஊர் சொன்னது சொன்னதுதான்.

அடுத்த பங்குனியில் மறுபடி போனபோது மடைமேல் வேறு ஒருவர் நின்றார். பெரியப்பா கீழே அப்பாவின் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். துண்டு வீசுகிறவர் தண்ணீரில் இறங்கக் கூடாதாம், இப்போது இறங்கலாம். ஒருவர் ஊத்தாவைச் சேற்றில் குத்த, மற்றவர் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினார். "இங்குட்டு வாண்ணே", "அங்குட்டு ஓடுது பாரு" என்பதைத் தவிர அவர்கள் வேறு எதுவும் பேசவில்லை. அதையே காலை முழுக்கப் பேசினார்கள்.

கரைக்கு வந்தபோது பெரியப்பாவின் தோள் வெறுமையாக இருந்தது. "ஒங்க துண்டு எங்க பெரியப்பா?" என்றேன்.

"ஒங்கிட்டத்தானத்தா குடுத்தேன்" என்று சிரித்தார்.

உண்மைதான். அன்று என் தலையில் கட்டியதை நான் திருப்பித் தரவே இல்லை. வீட்டில் பொம்மைக்குப் போர்வையாகக் கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. துண்டு இல்லாததால்தானே பாவம் வேறு ஆளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் மறக்காமல் அதை நானே சோப்புப் போட்டுத் துவைத்து, மடித்து, பையில் வைத்துக் கொண்டுபோய், கூட்டம் இறங்குவதற்கு முன்பே அவர் கையில் கொடுத்தேன். பெரியப்பா அதை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார். துண்டுதான் வந்துவிட்டதே, இன்னும் ஏன் மடைக்கு ஏறாமல் இங்கேயே நிற்கிறார் என்று, அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.