தொலைந்த சிறுமியின் கோடு

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடும் அவளைப் பதிப்பகத்தில் எல்லோரும் கோடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மை தொட்ட பேனாவைத் தாளில் வைத்தால், பூனையின் காதில் தொடங்கி வால் நுனி வரை ஒரே இழுப்பு. அழிக்கிற வேலையே கிடையாது.

அந்தக் கோடு ஒருநாள் பூனையின் முதுகில் நடுங்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துத் தாளைக் கிழித்துப் போட்டாள். மறுநாள் யானையின் துதிக்கையிலும் அதே நடுக்கம். அதோடு அவளுடைய நிம்மதி போயிற்று. டீ தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தாள். எங்காவது கையெழுத்துப் போட நேர்ந்தால், யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் பார்த்தாள்.

அப்போது அவளிடம் இருந்தது, கடைத்தெருவில் அம்மாவின் கையை விட்டுத் தொலைந்துபோகும் ஒரு சிறுமியின் கதை. கூட்டத்துக்கு நடுவே சிறுமி தனியாக நிற்கும் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் கோடு உதறியது. கெடு நெருங்கிவிட்டதால், வருவது வரட்டும் என்று அதையே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

பதிப்பாசிரியரிடமிருந்து போன் வந்தது.

"கோடக்கா, இந்தப் பொண்ணைப் பாத்ததும் எனக்கே பயமாயிடுச்சு. எல்லாப் பக்கமும் இப்படியே போட்டுடுங்க."

போனை வைத்த பிறகு பயம் இன்னும் கூடியது. இப்படியே போடுவது அவள் கையில் இல்லை.

லாரி ஓட்டும் கணவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. "தம்ளர் தட்டுல கடகடன்னு அடிக்குது. எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சியா?" என்று டாக்டரிடம் கூட்டிப்போனார்.

நடுக்கத்தைப் பார்க்கச் சுருள் வரையச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டிலேயே பழகி வைத்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழகாக வரைந்து கொடுத்தாள். டாக்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"படம் போடுறவங்களா? சரி, கையை மேசையில ஊனாம இன்னொண்ணு போடுங்க."

அந்தச் சுருள் ரம்பப் பல்லாக வந்தது. பெரிய வியாதி ஒன்றுமில்லை, மாத்திரையில் அடங்கும் என்றார்.

அடங்கியது. அடுத்த பக்கத்தில் கோடு பழையபடி வழுக்கிக்கொண்டு ஓடியது. சிறுமியோ போட்டோவுக்கு நிற்பவள் மாதிரி இருந்தாள். மாத்திரையை நிறுத்தினாள். பென்சில் டப்பாவில் ஒளித்து வைத்ததைக் கணவர் கண்டுபிடித்துவிட்டார்.

"படத்துக்காகக் கையைக் கெடுத்துக்கப் போறியா?"

"கை சரியானா படம் கெட்டுப்போகுதுங்க."

"எனக்கு அதெல்லாம் புரியல. நீ மாத்திரையை முழுங்கு."

விழுங்கினாள். பிறகு இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள். நடுங்கிய கோடு தயங்கித் தயங்கிப் போயிருந்தது. கை சரியானதும் அவள் பழைய வேகத்தில் ஓடியிருக்கிறாள். பயந்த குழந்தை அப்படி ஓடாது. மழுங்கிய பேனா முனை ஒன்றை எடுத்து, சுற்றி நிற்கும் பெரியவர்களின் கால்களை அழுத்தித் தடியாக இழுத்தாள். சிறுமியை மெல்லிய கோட்டில், நின்று நின்று போட்டாள். தோளருகே கோடு அறுந்தது, அதைச் சேர்க்கவில்லை. இப்போது சிறுமி மறுபடியும் தொலைந்துபோயிருந்தாள்.

படங்களைக் கொடுக்கப் போனபோது பதிப்பாசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இனி வேலை தருவாரோ மாட்டாரோ என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"எது நடுங்கிப் போட்டது, எது நடுங்காம போட்டதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் நான் தேட ஆரம்பிச்சிடுவேன்."

புத்தகம் வந்தது. இப்போது ஓர் ஆமைக் கதைக்குப் படம் போடுகிறாள். காலையில் உட்கார்ந்ததும் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறாள். மாத்திரை போட்டாலும் சில நாள்தான் நேராக வருகிறது. வராத நாளில் ஆமையின் சொரசொரத்த முதுகோட்டைப் போடுகிறாள்.